பண்ணையை விற்ற தண்ணீர்

எங்கள் பண்ணையை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது என்னைப் போலச் சந்தோஷப்பட்டவர்கள் அந்த வட்டாரத்தில் யாரும் இருந்திருக்க முடியாது. பண்ணையை விற்று அய்யாவும் சித்தப்பாவும் பஸ் வாங்கப் போகிறார்கள். தொண்டிக்கும் ராமநாதபுரத்துக்கும் ஓடப்போகும் அந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட் எனக்குத்தான் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அவர் யாருக்கும் எதற்கும் வாக்குக் கொடுப்பார் என்பது எட்டு வயதுப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

உப்பூருக்குக் கிழக்கே கடல்காற்று படும் இடத்தில் இருந்தது பண்ணை. இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் கேட்காது. ஒரு பாதியில் மழையை நம்பி நெல்லும் மிளகாயும். மறு பாதி உடைமரமும் புல்லுமாக ஆடுகளுக்கு விட்ட தரை. அறுப்பு முடிந்ததும் மந்தையை வயலிலேயே கிடை போடுவோம். அந்தப் புழுக்கையில்தான் அடுத்த வருடத்து மிளகாய் சிவக்கும். மந்தை முழுவதும் அம்மா கல்யாணச் சீராக ஓட்டிவந்த சில ஆடுகளிலிருந்து பெருகியது. எந்தக் குட்டியைக் காட்டினாலும் அதன் தாயும் பாட்டியும் எது என்று அம்மா சொல்லிவிடுவாள். விற்பதைப் பற்றி அவளை யாரும் கேட்கவில்லை. நிலபுலத்தைப் பற்றிப் பெண்களைக் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

பண்ணையில் இரண்டு கிணறுகள். கடல் பக்கத்துக் கிணறு உப்புக் கரிக்கும். அது ஆடுகளுக்கு மட்டும்தான், ஆட்டுக் கிணறு என்போம். வீட்டுக்குப் பின்னால் பனைகளுக்கு நடுவே இருந்ததுதான் குடிக்கிற கிணறு. எங்கள் பக்கத்தில் நிலம் வாங்க வருகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். கரித்தால் வெற்றிலையைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விடுவார்கள்.

வாங்க வந்தவர் திருப்பாலைக்குடியில் தோணி வைத்து வியாபாரம் செய்த மரைக்காயர். காரில் வந்தார். எங்கள் வாசலுக்குக் கார் வந்தது அதுதான் முதல் தடவை. நான் அதைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். சித்தப்பா முந்தின நாளே கிடையைப் பாதையோரத்துக்கு மாற்றி, மந்தையைக் கண்மாயில் குளிப்பாட்டியும் வைத்திருந்தார். செம்மண் நிறத்து ஆட்டைக் குளிப்பாட்டி என்னத்தைக் காணப்போகிறார்கள் என்று ஆடு மேய்ப்பவர் அலுத்துக்கொண்டார்.

மரைக்காயர் பண்ணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தால் பிடித்த மாதிரியும் இருந்தது, பிடிக்காத மாதிரியும் இருந்தது.

“காலமெல்லாம் கடல்ல உப்புத் தண்ணியப் பாத்துச் சலிச்சுப்போச்சு. கரையில எனக்கு நல்ல தண்ணி வேணும். வீட்டுத் தண்ணி கொஞ்சம் குடுங்க, குடிச்சுட்டுப் பேசுவோம்” என்றார்.

அய்யா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அம்மா அடுக்களை மூலையில் இருந்த குடத்திலிருந்து, தேய்த்து மினுக்கிய பித்தளைச் செம்பில் தண்ணீர் மொண்டு என்னிடம் கொடுத்தாள். வரும் வழியில் கையில் சிந்தியதை நக்கினேன். கரித்தது.

காரைப் பார்த்த பதற்றத்தில் அம்மா குடத்தை மாற்றிவிட்டாள்! திரும்பிப் போய்ச் சொல்ல நேரமில்லை. பின்பக்கமாக ஓடினேன். பனையடிக் கிணற்று மேடையில் யாரோ இறைத்து வைத்த வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. செம்பைக் கவிழ்த்துவிட்டு அதில் மொண்டுகொண்டு வந்த வேகத்தில் பாவாடை பாதி நனைந்துவிட்டது. சித்தப்பா என்னை முறைத்தார்.

மரைக்காயர் பிஸ்மி சொல்லிச் செம்பை வாய்க்குக் கொண்டுபோனார். எங்கள் பஸ் அவருடைய தொண்டைக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு மடக்கு குடித்தார், நிறுத்தினார், பிறகு செம்பு காலியாகும்வரை குடித்தார்.

“எளநியாட்டம்ல இருக்கு. பேசலாம்.”

சித்தப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அதிகம் சிரிக்காத அய்யாகூடப் பல் தெரியச் சிரித்தார். இத்தனையும் என்னால் நடந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அம்மாவிடம் ஓடினேன்.

“அம்மா, நீ அவசரத்துல ஆட்டுக் கெணத்துத் தண்ணியக் குடுத்துட்ட. நான்தான் மாத்திக் குடுத்தேன். அவுகளுக்குப் புடிச்சுப்போச்சு.”

அம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

“ஒங்க அய்யா மகதான் நீ” என்றாள்.

அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. கார் கிளம்புவதற்குள் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று வெளியே ஓடினேன். எங்கள் அடுக்களைக்குள் ஒருநாளும் வராத ஆட்டுக் கிணற்றுத் தண்ணீர் அன்றைக்கு மட்டும் குடத்தில் எப்படி வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பஸ்ஸுக்குச் சிவப்பு அடிக்கச் சொல்வதா, பச்சை அடிக்கச் சொல்வதா என்பதே அப்போது எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது.