இரண்டு முழம் படச்சுருள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் ரங்கூன் லான்மடாப் பேட்டையில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் ஊமைப் படம் ஓட்டினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயில்லாத படங்களை வைத்துத்தான் பிழைத்தேன். ஒண்டிக்கட்டை. ரங்கூனிலும் எனக்கு ஆளில்லை, கப்பலேறி ஊருக்குப் போனாலும் ஆளில்லை.

எங்களிடம் ஒரு டென்மார்க்குப் படம் இருந்தது. கடைசியில் கதாநாயகி கடற்கரையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். பிறகு கடலில் இறங்கிப் போய்விடுவாள். அதே பெட்டியில் இன்னொரு முடிவும் வந்திருந்தது. அதில் அவளைக் காப்பாற்றிக் கரைசேர்ப்பார்கள், அவள் சிரிப்பாள். முதலில் அதைத்தான் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வரும் துறைமுகத்து ஆட்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

"அண்ணே, இது பொய்யி. அந்தப் பொண்ணு செத்தாத்தான் நாங்களும் நல்லா அழுதுட்டுப் போவோம். ரூம்புல அழுதா பக்கத்துப் பாயில படுத்திருக்கவன் சிரிக்கிறான்."

அவர்கள் சொன்னது நியாயம்தான். மூழ்கும் முடிவையே ஓட்டினேன். சிரிக்கும் சுருள் மூலையில் கிடந்து மழைக்காலத்தில் ஒட்டிப் பிசினாகிவிட்டது. ஆற்றில் எறிந்தேன். அதற்காக நான் வருந்தவுமில்லை. அவள் திரும்பிப் பார்க்கும் பார்வை படம் ஓட்டும் எந்திரத்துக்கு நேராக, அதாவது எனக்கு நேராக வரும். வாரம் முழுவதும் என்னை அப்படிப் பார்த்த முகம் அது ஒன்றுதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்காகக் காத்திருப்பேன்.

ஒரு மதியம், ஆட்டம் இல்லாத நேரத்தில், வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் உள்ளே வந்தார். அந்தப் படத்தை எடுத்த முதலாளி தாம்தான் என்றார். அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல, ஆனாலும் புரிந்தது. சந்தைகளில் கூடாரம் போட்டுப் படம் காட்டத் தொடங்கியவர். பிறகு இருபது வருடம் படம் எடுத்தார். அழ விரும்பும் நாட்டுக்கு ஒரு முடிவு, சிரிக்க விரும்பும் நாட்டுக்கு ஒரு முடிவு என்று ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு எடுப்பாராம். கடைசியில் கிடங்கு தீப்பிடித்து எல்லாம் சாம்பலானது. இப்போது படம் அனுப்பிய துறைமுகம் ஒவ்வொன்றிலும் இறங்கித் தேடுகிறார்.

"அந்தப் பெண் என் மகள். படம் முடிந்த மறுவருடம் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பிழைக்கும் முடிவு உங்களிடம் இருக்கிறதா?"

ஆற்றில் எறிந்ததைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மூழ்கும் முடிவை ஓட்டி முடித்து, எந்திரத்தின் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினேன். கடல் அவளை வெளியே விட்டது. முதுகைக் காட்டியபடியே அவள் எங்களை நோக்கி நடந்து வந்தாள். முழங்கால், கணுக்கால், ஈர மணல். கரையேறியதும் திரும்பி அவரைப் பார்த்தாள். கிழவர் எழுந்து நின்று அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். பதில் எதிர்பார்ப்பவர் பேசுவதுபோல் இருந்தது.

போகும்போது, அவள் பார்க்கும் இடத்தில் சுருளிலிருந்து ஒரே ஒரு கட்டம் வெட்டித் தர முடியுமா என்று கேட்டார். ஒரு கட்டத்தில் முகம் இருக்கும், திரும்புவது இருக்காது. படம் எடுத்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? அதற்குமேல் கேட்கக் கூச்சம் அவருக்கு. நான் பூக்காரியைப்போல் முழங்கையில் அளந்து, இரண்டு முழம் வெட்டிக் கொடுத்தேன். அதைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் ஓட்டினேன். அவள் திரும்பிப் பாராமலேயே கடலில் இறங்கினாள். விளக்குப் போட்டதும் முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்:

"அண்ணே, அந்தப் பொண்ணு ஒருதரம் திரும்பிப் பாக்குமே, இன்னிக்கு ஏன் பாக்கல?"

"அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாருப்பா" என்றேன்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். நான் சுருளைப் பெட்டியில் வைத்து மூடினேன். என்னைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை.