வழியிலேயே இறக்கிவிட்ட வசவு

ஊரெல்லாம் அவரைச் சிமென்ட்காரர் என்றுதான் சொல்லும். ஆனால் சிமென்ட் விற்று வாங்கிய பேரைவிட, இரண்டு கட்சித் தலைவர்களுக்கு நடுவே தூது போய் வாங்கிய கெட்ட பேர்தான் அதிகம். மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடும் அந்த இருவரும், உள்ளுக்குள் பேச வேண்டுமென்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். பத்திரிகைகள் தரகர் என்று எழுதின. அதைப் படித்த மகள், அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டுத் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அவள் திரும்பி வந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்ற நிலையில் இருந்தார் மனிதர்.

தொழில் என்னவோ சுத்தம். எழுத்து கிடையாது, போன் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தைதான். வசவை மட்டும் வழியிலேயே இறக்கிவிடுவார். அன்று காலை ஒரு தலைவர், "அந்தத் திருட்டுப்பய என் கால்ல வந்து விழட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று கத்தினார். கார் அடுத்தவர் வீட்டுப் பின்வாசலுக்கு வருவதற்குள் அது, "உங்கள நேர்ல பார்க்கணும்னு ஆசைப்படறார் ஐயா" என்று ஆகியிருந்தது.

கேட்டவருக்கு வாயெல்லாம் பல். "அப்படியா? இப்பவே போன் போட்டுப் பேசிடட்டுமா?"

"இன்னைக்கு வேணாங்கய்யா" என்றார் சிமென்ட்காரர், தரையைப் பார்த்தபடி.

வெளியே வந்தபோது ஆள் களைத்துப்போயிருந்தார். என்ன பிழைப்பு இது என்று அலுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

"பொண்ணு உங்கிட்ட பேசினாளா?" செருப்பைக் கழற்றிக்கொண்டே மனைவியிடம் கேட்டார்.

"பேசினா. அப்பாவ உடம்பப் பாத்துக்கச் சொல்லுன்னா. வேலை குறைஞ்சதும் வர்றேன்னா."

அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. களைப்பெல்லாம் எங்கேயோ போயிற்று. கழற்றின செருப்பை மறுபடி மாட்டினார். "அவளுக்கு நேரமில்லன்னா என்ன, நானே போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

மனைவி வாசலை மறித்து நின்றாள். "இன்னைக்கு வேணாங்க" என்றாள், தரையைப் பார்த்தபடி.

சிமென்ட்காரர் அப்படியே நின்றுவிட்டார். அது அவருடைய சொந்தச் சரக்கு. இத்தனை நாளாகத் தன் வீட்டிலேயே அது விலைபோனது தெரியாமல் இருந்திருக்கிறாரே!

"அவ சொன்னத அப்படியே சொல்லு."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வாயைத் திறந்தாள்.

"வேணாம், சொல்லாத" என்றார் அவசரமாக. கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த தடவ பேசறப்ப, அவளையும் உடம்பப் பாத்துக்கச் சொன்னேன்னு சொல்லு. இது நிஜமாவே நான் சொன்னது."