ஒன்பதாம் கூண்டின் இரண்டாம் இதயம்

முதுநகரில் காலை ரயிலேறி, சிதம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தின் எலி அறைக்கு வேலைக்குப் போகிறார் பொன்னி. வயது நாற்பத்தொன்று. கூண்டு கழுவச் சேர்ந்தவருக்கு, விரல் பக்குவத்தைப் பார்த்து நான்கு வருடம் முன்பு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள்.

அங்கே ஒரு சுண்டெலியின் இதயத்தை எடுத்து இன்னொன்றின் வயிற்றுக்குள் வைத்துத் தைக்கிறார்கள். எலி தன் சொந்த இதயத்தால் உயிர் வாழும். வயிற்றில் இருப்பதை உடம்பு வேற்றாளாகக் கண்டு தாக்கும். எந்த மருந்து அதை எத்தனை நாள் தடுக்கிறது என்பதே ஆராய்ச்சி. தினமும் பொன்னி எலியின் வயிற்றில் விரல் வைத்துப் பார்ப்பார். வேகமாகத் துடித்தால் ஏட்டில் நான்கு என்று எழுதுவார். தளர்ந்தால் ஒன்று. நின்றால் பூஜ்யம், அன்றோடு அந்த எலியின் கதை முடியும்.

போன தை மாதம் ஆராய்ச்சி மாணவி வினோதினியின் புது மருந்து ஒன்பதாம் கூண்டில் அதிசயம் காட்டியது. மற்ற எலிகளில் நின்ற பிறகும் இதில் மட்டும் மெல்லிய, நிதானமான துடிப்பு. ஆறு நாள் 'ஒன்று' என்று எழுதினார் பொன்னி. அந்த ஆறு நாளை நம்பி வினோதினி கட்டுரையே தொடங்கிவிட்டார்.

ஏழாம் நாள் ரயில் தாமதம். நிலையத்திலிருந்து ஓடியே வந்தார் பொன்னி. தீனி வைக்கும் கதிர்வேல் சிரித்தான். "என்னாக்கா, ரயில நீயே தள்ளிக்கினு வந்தியா?"

மூச்சு வாங்க ஒன்பதாம் எலியை எடுத்தார். நேற்றுவரை நிதானமாக இருந்த துடிப்பு இன்று ஓடியது. காதுக்குள் தன் நெஞ்சு அடிப்பது கேட்டது. இரண்டும் ஒரே ஓட்டம். எலியை விட்டுவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். திரும்பத் தொட்டார். எலியின் துடிப்பும் நிதானமாகியிருந்தது.

இன்று நின்றதாகப் பூஜ்யம் போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வினோதினியிடம் போனார்.

"மேடம், அது எலி இல்ல. என் வெரலு."

"என்னக்கா சொல்றீங்க?"

"என் நாடிதான் மேடம். ஆறு நாளா அதத்தான் எழுதினு இருந்திருக்கேன்."

எலியின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே தைத்து வைத்த இதயம் கறுத்து இறுகிக் கிடந்தது. எப்போது நின்றது என்று சொல்ல முடியவில்லை.

வினோதினி திட்டவில்லை. கேட்டார்: "இதுக்கு முன்னாடி போட்ட ஒன்னெல்லாம்?"

நான்கு வருடக் கோப்புகள். எது எலி, எது விரல் என்று இனிப் பிரிக்க முடியாது.

இப்போது ஒவ்வொரு எலியையும் இரண்டு பேர் தொட்டுப் பார்க்கிறார்கள். மாலை ரயிலில் பொன்னி ஜன்னல் கம்பியைப் பிடிப்பதில்லை. அதுவும் துடிக்கிறதாம்.