ஏழாம் எண் கேமரா

திருச்சானூரில் கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த ஒரு லாட்ஜில்தான் முதன்முதலாகத் தனி ஆளாகக் கேமரா பொருத்தினேன். வேலை சரியாக முடிந்ததென்று லாட்ஜ்காரர் தாளில் கையெழுத்துப் போட்டால் கம்பெனி எனக்குப் பெங்களூரில் நிரந்தர வேலை கொடுக்கும். இல்லையென்றால் மறுபடி வேறொருவருக்கு ஏணி பிடிக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாந்தோப்பில் கூலிவேலை செய்து என்னைப் படிக்கவைத்த நைனா, எங்கள் ஊர் கார்வேட்டிநகரம் முழுக்க பெங்களூர் சேதியைச் சொல்லிவைத்திருந்தார்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போது எல்லாக் கேமராவுக்கும் ஒரே ஐபி எண்தான் இருக்கும். ஒவ்வொன்றாக லேப்டாப்பில் மாட்டி, அதன் கடைசி எண்ணை ஒவ்வொன்றுக்கும் வேறாக மாற்ற வேண்டும். ஒன்றாம் எண் ரௌட்டருக்கு. கேமராக்களுக்கு இரண்டிலிருந்து கொடுத்துக்கொண்டே வந்தேன். நகரிப் பக்கத்துக்காரரான லாட்ஜ்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தார். மொட்டைமாடிக் கேமராவுக்கு எட்டு என்று அடித்தேன்.

"எட்டு வோணாம்பா. எனக்கு ஆவாது."

"உள்ள இருக்கிற நம்பர் சார். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே! மலைய பாத்துக்கினு கீற கேமரா அது. ஏழு குடு. ஏழுமலையானுக்கு வேற இன்னா நம்பர் குடுப்ப?"

சிரித்துக்கொண்டே ஏழாக்கினேன். சற்றுமுன் படிக்கட்டுக் கேமராவுக்கு அதே ஏழைக் கொடுத்திருந்தது அந்தச் சிரிப்பில் மறந்துபோயிற்று.

சாயங்காலம் திரையில் படங்கள் வந்தன. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் படியேறினாள். நான்காவது படியில் படம் கரைந்து, அந்த இடத்தில் மஞ்சள் வெயிலில் மலை நின்றது. மீண்டும் படிக்கட்டு வந்தபோது அவள் இல்லை. அடுத்து ஏறிய கிழவரும் அப்படியே மலைக்குள் போனார்.

லாட்ஜ்காரர் கைகூப்பினார். "படியேறுனா மலை வருதே! இன்னா டெக்னிக்குபா இது!"

பேனாவைத் திறந்து தாளை இழுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"போடாதீங்க சார். தப்பு பண்ணிட்டேன். ரெண்டு வூட்டுக்கு ஒரே கதவு நம்பர் குடுத்த மாதிரி, ரெண்டு கேமராவுக்கும் ஏழு குடுத்துட்டேன். படிக்கட்டுல நடக்கறது பாதி பதிவாவாது."

அவர் முகம் மாறியது. "பைய காணோம்னு யாரனா வந்து நின்னா, மலையயா போட்டுக் காட்டுவேன்?"

மாடிக் கேமராவின் வயரைப் பிடுங்கிவிட்டு, படிக்கட்டுக்கு வேறு எண் கொடுத்தேன். மறுபடி மாட்டியதும் இரண்டும் தனித்தனியாக நின்றன. ஆனாலும் அவர் கையெழுத்துப் போடவில்லை.

"நாளைக்கு வா. ஒருநாள் பாத்துட்டுத்தான்."

மறுநாள் மதியம் போனபோது திரைமுன் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை என்றான் ரூம்பாய்.

"மலையயே எவ்ளோ நேரம்பா பாக்கறது? படிக்கட்டுதான் நல்லா கீது. ஏறறாங்க, எறங்கறாங்க, சண்ட போடறாங்க."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையெழுத்துப் போட்டார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நானும் அவர் பின்னால் நின்றேன். புதுத் தம்பதி ஒன்று, ஒரே பையை ஆளுக்கொரு பிடியாகத் தூக்கிக்கொண்டு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.