சோலை வாயில் மூன்று முட்டை

எங்கள் மகளுக்கு அமைந்த மாப்பிள்ளை தங்கமான பையன். எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் இருவருக்கும் வேலை. அவன் சமையற்கட்டில், இவள் வரவேற்பில். குடி இல்லை, கோபம் இல்லை. ஒரே குறை அவன் ஊர்தான். மூணாறு தாண்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஜீப்பில் ஏறி இறங்கிப் போகவேண்டிய பள்ளத்தாக்கு. பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற மண். கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரியில் அந்த ஊரின் பெயரைச் சொன்னால் மட்டும் யாரும் பூண்டைப் பற்றிக் கேட்பதில்லை.

நான் வீடு வீடாகத் தோசை மாவு கொண்டு கொடுக்கிறவள். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், அடுக்களை வாசல்களில் கேட்டது அதிகம். எங்கள் தெருக்களில் ஒரு வாளி மாவு தீர்வதற்குள் நாலு பாஷை காதில் விழும், பழமொழியோடு. ஆனால் அந்த மாதம் எந்த வாசலிலும் பழமொழி இல்லை, பிணம்தான்.

தொடங்கிவைத்தவர் சாயாக்கடைச் சேட்டன். ஒருகாலத்தில் அந்த ஊருக்குக் காய்கறி லாரி ஓட்டியவர்.

"அக்கா, பொண்ணை அங்கேயோ கொடுக்கப் போறீங்க? பண்டு நிலம் அளக்கப் போன வெள்ளைக்காரச் சாயிப்பு ஒரு ஆளு, மரத்துல சாய்ஞ்சு இருந்தபடியே மரிச்சுப் போயி. கண்ணு ரெண்டும் தொறந்திருக்கு, கையில அளவுச் சங்கிலி. மேல ஒரு கீறல் இல்ல, கேட்டோ!"

"நீங்க பார்த்தீங்களா சேட்டா?"

"அது என் தாத்தா பிறக்கிறதுக்கும் முன்னாடியல்லே!"

அடுத்த வீட்டில் தேன் எடுக்கப் போனவன் செத்தான். அதற்கடுத்த வீட்டில் எருமையைத் தேடிப்போன அண்ணன் தம்பி காணாமல் போக, அவர்கள் போர்வை மட்டும் மடித்துவைத்தபடி கிடைத்தது. இத்தனைக்கும் காரணம் பொகையன். மூடுபனி நிறத்தில் ஒரு பூனை என்றார்கள். பனியோடு வரும், பனியோடு போகும், யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. முழுதாகப் பார்க்காததால் அதன் அளவு ஆளுக்கு ஆள் மாறியது. தோப்பும்படியில் ஆட்டுக்கடா அளவு இருந்தது, கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கன்றுக்குட்டி ஆகியிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊருக்கு அண்டா மூடியும் போதாது.

இதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து என்னிடம் கொண்டுவந்தவன் என் தம்பி. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன். புயல் நேரத்திலும் படகில் தாவி ஏறுவான், பேய் என்று யாராவது சொன்னால் போதும், தனியாகக் கக்கூஸ் போக மாட்டான். மகளுக்குத் தாய்மாமன். எங்கள் ஆட்களில் தாய்மாமன் கைநீட்டித் தட்டு வாங்காமல் நிச்சயம் கிடையாது. அவன் வரமாட்டேன் என்றால் கல்யாணமே இல்லை.

"அக்கா, நான் வரல்ல. உனக்கு ஒரே தம்பி, நெனைச்சுக்கோ."

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவன் எழுந்து போனான். மறுநாள் வந்து, "வரேன். நடுவுலதான் உட்காருவேன், ஜன்னல் பக்கம் மாட்டேன்" என்றான்.

பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது இங்கே முறை. வீடு பிடித்தால் அப்போதே தட்டு மாற்றிவிடலாம் என்று பேச்சு. வேனிலும் பிறகு ஜீப்பிலுமாகப் போனோம். தம்பி நடுவில் உட்கார்ந்து ஒரு துணிப்பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தான். என்னடா அது என்றால், "ஸ்வெட்டர்" என்றான்.

பையனின் அம்மா என்னைவிட உயரம், என்னைவிடக் குறைச்சலாகப் பேசுகிறவர். "வாங்க மதினி" என்று கையில் சுக்குக்காப்பியைத் தந்தார். பையனின் அப்பா திண்ணையில் பாய் விரித்தார். வீடு நன்றாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் பூண்டு வயல், அதற்கு மேல் இருட்டாக ஒரு சோலைக்காடு, அதன் தலையில் பனி. என் வாய் சும்மா இருக்குமா?

"மதினி, அந்தப் பொகையன்னு சொல்றாங்களே..."

"பேரைச் சொல்லாதீக. பெரியவருன்னு சொல்லுங்க."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலை விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

வீடு பிடித்துவிட்டதால் இரவு அங்கேயே தங்கினோம். காலையில் தட்டு மாற்ற வேண்டும். வெற்றிலை பாக்கை அடுக்கிக்கொண்டிருந்தபோது பையனின் அம்மா மேலேயிருந்து வேகமாக இறங்கி வந்தார். புல்லறுக்கப் போனவர், புல் இல்லாமல் வந்தார். முற்றத்தில் நின்று சொன்னார்:

"சோலை வாயில எவனோ செய்வினை வச்சிருக்கான். இலைய விரிச்சு மூணு அவிச்ச முட்டை, சுருட்டு, ஒரு குப்பியில கள்ளு. நல்ல காரியம் நடக்குற அன்னைக்கு! தட்டு மாத்த வேணாம். எல்லாரும் இருங்க, குறி கேட்டுட்டுத்தான் மத்தது."

அக்கம்பக்கத்தவர் கூடிவிட்டார்கள். யார் வேண்டாதவன், யாருக்கு யார்மேல் பொறாமை என்று பேச்சு எழுந்தது. பையன் என் மகளைப் பார்த்தான். அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ முட்டை, சுருட்டு, கள் என்று கேட்டதுமே புரிந்துவிட்டது. அந்த மூன்றையும் சேர்த்து வைக்கிற ஊர் எங்கள் ஊர்தான்.

தம்பியைத் தேடினேன். தூணுக்குப் பின்னால் பாதித் தம்பி நின்றான். துணிப்பை காலியாகத் தொங்கியது.

"டேய்" என்றேன்.

அவன் மகளைப் பார்த்தான். பிறகு தூணை விட்டு வெளியே வந்தான்.

"செய்வினை இல்ல அத்தாச்சி. நான்தான் வச்சேன். விடியக்காலையில போயி வச்சேன்."

பையனின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் எதிரே வந்தார்.

"நீங்களா? எதுக்கு?"

"எங்க ஊர்ல அப்படித்தான் வைப்போம். காப்பிரிக்கு."

"அது யாரு காப்பிரி?"

அவனுக்கு வாய் குழறியது, நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வெகுகாலம் முன்பு எங்கள் ஊரில் இருந்த வெள்ளைக்காரர்கள் தோற்று ஓடினபோது, கொண்டுபோக முடியாத பொன்னைச் சுவருக்குள் புதைத்து, காவலுக்கென்று தங்கள் அடிமைகளையும் கொன்று கூடவே புதைத்தார்களாம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த பாவங்கள். அவர்களில் ஒருவர்தான் காப்பிரி. இன்றும் மதில்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறார் என்பார்கள். எதையாவது தொலைத்தால் அவரிடம் சொல்வோம். மெழுகுவத்தி, முட்டை, கள், சுருட்டு வைப்போம். யாருக்கும் தீங்கு செய்யமாட்டார்.

பையனின் அம்மா இரண்டடி பின்னால் போனார். "செத்தவன் மதில்ல உக்காந்து சுருட்டு குடிக்கிற ஊருலயா எம்மகன் குடியிருக்கப் போறான்?"

மகன் தலையைச் சொறிந்தான். "ரெண்டு வருசமா அங்கனதான் இருக்கேன், அம்மா."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தனைக் கொன்னு பொதைச்சிட்டு அவனையே போயிக் கும்புடுவாகளா?"

"கொன்னது நாங்க இல்லையே அத்தாச்சி" என்றான் தம்பி. "கேட்க ஆளில்லாமப் போன மனுசன். ஒரு சுருட்டுகூட வைக்கலேன்னா எப்படி? இங்கயும் பெரியவரு இருக்காருன்னு சொன்னாங்க. எங்க பொண்ணு வந்து போகப்போற இடம். சொல்லிவச்சிட்டுப் போகலாம்னு..."

"தனியாவா போனீக?"

"ஆமா."

"பயமில்லையா?"

"செத்தே போயிட்டேன் அத்தாச்சி."

அவர் முந்தானையை இடுப்பில் செருகினார். என் பக்கம் திரும்பினார்.

"மதினி, எனக்கு ராத்திரியெல்லாம் ஒறக்கமில்ல. ஏன்னு சொல்லவா? ஜீப்புல வர்றவன் எல்லாம் சோலைக்குள்ள பூந்து பாட்டுப் போட்டு ஆடுறான், குப்பிய ஒடைச்சுப் போடுறான், போட்டோ புடிக்கிறான். டவுன்காரங்க எதுக்கும் அஞ்ச மாட்டாங்க, அப்படி ஒரு வீட்டுல சம்பந்தம் வச்சு என்ன செய்யன்னு நெனைச்சேன். அஞ்சுற வீடுன்னா சரிதான். அஞ்சத் தெரிஞ்சவனுக்குத்தான் அடங்கவும் தெரியும்."

மாவு வாளியோடு எத்தனையோ வாசல் ஏறியிருக்கிறேன். இப்படி ஒரு சொல்லை எங்கும் கேட்டதில்லை. இரண்டுமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு, மாமக்காரரே" என்றார் தம்பியிடம். "எங்க பெரியவருக்கு முட்டை ஆகாது. கள்ளும் ஆகாது. ஒரு கை உப்பு, அம்புட்டுத்தான். வச்ச கையாலயே எடுத்துட்டு, உப்பு வச்சிட்டு வரணும். வாங்க, நானும் வரேன்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். மகள் போய் அடுக்களையிலிருந்து உப்பு அள்ளிவந்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடித்துவிட்டாள். "போயிட்டு வாங்க மாமா" என்றாள். அந்தக் குரலுக்கு அவன் என்ன செய்வான், நடந்தான்.

பூண்டு வயல் ஓரமாக இருவரும் ஏறுவது தெரிந்தது. முன்னால் அவர், ஒட்டிக்கொண்டு இவன். "இன்னும் தூரமா அத்தாச்சி?" என்று கேட்பதும், "காலையில எப்படிப் போனீக?" என்று அவர் கேட்பதும், "கண்ணை மூடிக்கிட்டு" என்று இவன் சொல்வதும் கீழே எங்களுக்குக் கேட்டது. பிறகு பனி வந்து மறைத்தது. என் மகள் முற்றத்து விளிம்பில் போய் நின்றுகொண்டாள். பையன் அவள் பக்கத்தில் போய் நின்றான். யாரும் தடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது தம்பியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது, குளிரோ வேறு எதுவோ. நேராகப் பாயில் வந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினான். பையனின் அப்பா வைத்த தட்டு அந்தக் கைகளில் கடகடவென்று நடுங்க, பாக்கு நாலு பக்கமும் உருண்டது. பையனின் அம்மா குனிந்து தட்டுக்குக் கீழே தன் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"பிடிங்க" என்றார். "நல்லாப் பிடிங்க."

பிடித்துக்கொண்டான்.