பின் சீட்டில் அவள் கனம்

வண்டி வலது பக்கம் இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனேன். முன் டயர் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஃபோர்க் வளைந்திருக்கும் என்று நோயையும் நானே சொல்லி வைத்தியத்தையும் நானே சொன்னேன். எனக்கு அது வழக்கம். மெக்கானிக் ஏரி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நேராத்தான் போவுதுங்ண்ணா" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெனமும் ஓட்டறவன் நானா, நீயா?" என்று கத்தினேன். பாவம், டயரை மாற்றிக் கொடுத்தான். புது டயரிலும் இழுத்தது. மறுபடியும் போய்ச் சண்டை போட்டேன்.

டயரில் ஒன்றும் இல்லை. என் மனைவி இளைத்துக்கொண்டிருந்தாள்.

அது எப்படி என்று சொல்ல வேண்டும். நாங்கள் மலைமேல் நாகலூரில் இருக்கிறோம். நான் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து அதை எழுதி வைக்கிறவன். அவள் குப்பனூர்க்காரி, மலைக்குக் கீழே பிறந்தவள். கல்யாணமான புதிதில் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தேன். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் என் புது வேட்டியிலேயே வாந்தி எடுத்தாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் அவள் மலைப் பஸ்ஸில் ஏறவே இல்லை. ஜீப்பில் உட்காரமாட்டாள், காரில் உட்காரமாட்டாள். காற்று முகத்தில் அடித்தால்தான் அவளுக்கு வயிறு நிலைகொள்ளும். அவளுக்காகவே பைக் வாங்கினேன். சந்தைக்கும் கோயிலுக்கும், அவள் அம்மா வீட்டுக்கும், பிரசவத்துக்கும்கூட அந்தப் பின் சீட்டில்தான் போனாள்.

ஒருபக்கமாகத்தான் உட்காருவாள், காலை இடது பக்கம் தொங்கப் போட்டுக்கொண்டு. ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "சேலையக் கட்டிக்கிட்டு அது நல்லாவா இருக்கும்?" என்பாள். நல்ல கட்டுமஸ்தான உடம்பு அவளுக்கு. நான் ஒல்லி. அவள் ஏறியதும் வண்டி ஒருமுறை அமுங்கி எழும். "நீ ஏறுனா முன் சக்கரம் கையெடுத்துக் கும்புடுது புள்ள" என்பேன். அவள் விடுவாளா? "நான் பின்னால இருக்கறதாலதான் நீங்க தரையில போறீங்க. இல்லீன்னா இந்நேரம் காத்துல போயிருப்பீங்க" என்பாள். எதைச் சொன்னாலும் அவளிடம் ஒரு பதில் இருக்கும். பதில் சொல்லாமல் அவள் விட்டதாக எனக்கு நினைவே இல்லை.

அவள் கனம் இடது பக்கம் இழுக்கும். அதற்கு ஈடாக நான் ஹேண்டில்பாரை ஒரு நூல் வலது பக்கம் பிடித்துக்கொள்வேன். இதை யோசித்துச் செய்ததில்லை. வருஷக்கணக்கில் அவளைச் சுமந்து என் கைகள் தாங்களாகப் பழகிக்கொண்டன. அவள் உடம்பு கரையத் தொடங்கியபோது கைகளுக்கு அது தெரியவில்லை. பழைய கனத்துக்கே வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன. வண்டி வலது பக்கம் போனது. நான் டயரைத் திட்டினேன்.

இது எனக்குப் புரிந்தது வேறொருத்தியால். எங்கள் பக்கம் பஸ் குறைவு. பின் சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு நடந்து போகிறவர்களைத் தாண்டிப் போனால் அது பெரிய மரியாதைக் குறைவு. ஒருநாள் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிற பெண் ஒருத்தி பையோடு ஏற்றத்தில் நடந்துகொண்டிருந்தாள். நிறுத்தி ஏற்றிக்கொண்டேன். என் மனைவி முன்பு எப்படி இருந்தாளோ அதே உடல்வாகு, அதே மாதிரி ஒருபக்கமாக உட்கார்ந்தாள். வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. நான் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். நேராகத்தான் போனது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருக்கும்போதே எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவளை நன்றாகப் பார்த்தேன். தினமும் கூடவே இருக்கிறவளை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் ஊக்கு குத்திப் பிடித்திருந்தாள். மாவு பிசையும்போது வளையல் முழங்கை வரைக்கும் போய் வந்தது. "என்ன புள்ள இப்படி எளச்சுட்டே?" என்றேன். "உங்க வண்டிக்கு நல்லதுதானுங்க" என்று சிரித்தாள்.

வயிற்றில் கட்டி. சேலத்தில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்து ஏற்றினால் கொஞ்ச காலம் தள்ளிப் போடலாம் என்றார். தள்ளிப் போடலாம் என்பதை மட்டும் நான் காதில் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச காலம் என்பதை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அதிலிருந்து மருந்து ஏற்றிக்கொள்ள மலை இறங்கி ஏறுவதே எங்கள் பிழைப்பானது. எஸ்டேட்டில் ஜீப் தருவதாகச் சொன்னார்கள். "மூடுன வண்டியில ஏத்துனா நோவுக்கு முன்னால வாந்தியே என்னயக் கொண்டு போயிருமுங்க" என்று சொல்லிவிட்டாள். கூட்டம் குறைவு என்று குப்பனூர் ரோட்டில் போவோம். காலையில் இறங்கி, மருந்து முடிந்து கொஞ்சம் தெம்பு வந்ததும் ஏறுவோம். சீட்டில் உட்கார எலும்பு குத்துகிறது என்றாள். வீட்டில் இருந்த சின்னத் தலையணையை எடுத்துப் பின் சீட்டில் கட்டிக் கொடுத்தேன். அவள் ஏறினால் வண்டி அமுங்குவது எப்போதோ நின்றுவிட்டது. தோளில் கை விழுகிறதா என்று பார்த்துத்தான் கிளப்புவேன்.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. என் அப்பா ஒரு பக்கம் இருமிக்கொண்டிருப்பார், மகள் ஒரு பக்கம் படித்துக்கொண்டிருப்பாள். புருஷன் பெண்டாட்டி மனசு விட்டுப் பேச எங்களுக்கு வாய்த்த இடம் வண்டிதான். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் அவள் என் முதுகிடம் சொல்வாள். அந்த நாட்களில் ஒன்றையேதான் சொன்னாள்.

"ஏனுங்க, இது போதுங்க. நிறுத்திக்கலாங்க. ஊட்டுலயே இருந்துக்கறேன்."

"ஆ? காத்துல கேக்குல புள்ள."

"மருந்து போதும்னு சொல்றனுங்க. மருந்து ஏத்துனா நாலு நாளைக்கு ஒரு வாய்ச் சோறு எறங்க மாட்டீங்குது. இருக்கற வரைக்கும் சோத்தத் தின்னுட்டு இருக்கறேனுங்க."

நான் ஹாரன் அடிப்பேன். வளைவு இல்லாத இடத்திலும் அடிப்பேன். எனக்குக் கேட்டது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். சரி என்று சொல்லிவிட்டால் அவளை நானே கையைப் பிடித்து அனுப்பி வைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். மருந்து ஏறிக்கொண்டிருக்கும் வரைக்கும் அவள் எங்கேயும் போக மாட்டாள் என்று ஒரு முட்டாள்தனமான தைரியம். அந்தத் தைரியத்தை விட்டுவிட எனக்கு மனசு இல்லை.

ஒருநாள் அப்படித்தான் மருந்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். மலையில் பாதி ஏறியதும் ஒரு டீக்கடை உண்டு. நடுவயதுப் பெண் ஒருத்தி நடத்துகிறாள். வழக்கம்போல அங்கே நிறுத்தி, நான் டீ குடித்தேன். என் மனைவி வெந்நீர் குடித்தாள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்று அவசரப்பட்டேன். வண்டியில் ஏறிக் கிளப்பிவிட்டு, "ஏறு, ஏறு" என்றேன். பின்னால் தலையணையை அமுக்கிச் சரி பண்ணினாள். என் தோளில் கை பட்டது. ஏறிவிட்டாள் என்று கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

அவள் தலையணையைச் சரி பண்ணிவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொள்ள என் தோளைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றிருக்கிறாள். அவ்வளவுதான்.

நான் பேசிக்கொண்டே போனேன். அடுத்த தடவை போகும்போது உங்க அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். பதில் இல்லை, தூங்குகிறாள் போல என்று நினைத்தேன். ஒரு வளைவு போயிற்று, இன்னொன்றும் போயிற்று. "உங்கம்மா வைக்கிற ரசத்த நாய்கூட மோந்து பாக்காது" என்றேன். அம்மாவைச் சொன்னால் செத்துக் கிடந்தாலும் எழுந்து வந்து சண்டை போடுவாள் அவள். சத்தமே இல்லை. இடது கையைப் பின்னால் விட்டுத் துழாவினேன். தலையணை இருந்தது.

எங்கேயோ விழுந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வளைவில் திருப்பும்போது சரிந்து விழுந்திருப்பாள், எனக்கு அதுகூடத் தெரியவில்லை. வண்டியைத் திருப்பினேன். ரோட்டு ஓரத்தையும் பள்ளத்தையும் பார்த்துக்கொண்டே, வாய்விட்டு அவள் பெயரைக் கத்திக்கொண்டே இறங்கினேன். பனியில் கறுப்பாகத் தெரிந்த ஒவ்வொரு கல்லும் அவளாகத் தெரிந்தது.

டீக்கடைத் தடுப்புச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னொரு டம்ளர் வெந்நீர். கடைக்காரப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்ண்ணா, பொண்டாட்டிய உட்டுப்போட்டுத் தலவாணியக் கூட்டிட்டுப் போறீங்களே!" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "வாய்ல என்ன கொழக்கட்டையா வெச்சிருந்தே? ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினேன்.

"போட்டனுங்க. சத்தம் வல்லீங்க" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. டம்ளரைச் சுவரின் மேல் வைத்தாள்.

"நான் ஏறாதது உங்களுக்குத் தெரியவே இல்லீங்களா?" என்று கேட்டாள்.

அவள் குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் எவ்வளவு மிச்சம் இருக்கிறாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவளுக்குப் பக்கத்தில் சுவரின் மேல் உட்கார்ந்து அழுதேன். கடைக்காரப் பெண் உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு துண்டைக் கொண்டு வந்தாள். எங்கள் இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்துச் சுற்றி, என் வயிற்றுக்கு மேல் முடிச்சுப் போட்டாள். "இனி உட்டுட்டுப் போக முடியாதுங்ண்ணா" என்றாள். "கல்யாணத்துல போட்ட முடிச்சுப் பத்தலையாட்ட இருக்குது" என்று பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்.

இரண்டு வளைவு போனதும் நானே பேசினேன். "அடுத்த தடவ போக வேண்டாம் புள்ள. ஊட்டுலயே இரு" என்றேன். காற்று பலமாகத்தான் அடித்தது. அவளுக்குக் கேட்டது. ஒன்றும் சொல்லாமல் நெற்றியை என் முதுகில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு நிதானப்பட்டது.

அதற்கப்புறம் அவள் மலை இறங்கவில்லை. வீட்டில் இருந்தாள். சோறு கொஞ்சம் இறங்கியது. மகளை அதட்டினாள், அப்பாவுக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்தாள். காபி பூத்து மலையெல்லாம் மணத்துக்கிடந்த நாட்களில் போய்விட்டாள். நான் சரி என்று சொன்னது சரிதானா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. சோறு தின்றாள் என்பது மட்டும் தெரியும்.

ஆனால் துண்டு கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்ததைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. வண்டியை அணைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். துண்டை அவிழ்த்து இறக்கிவிட்டால் இந்தப் பின் சீட்டில் அவள் இனிமேல் ஏறப் போவதில்லை. நானே அல்லவா அதைச் சொன்னேன். மகள் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்து, "ஏனுங்கப்பா, எறங்கலீங்களா?" என்றாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் கதவோரத்திலேயே நின்றுகொண்டாள். எனக்குத் தொடை நடுங்க ஆரம்பித்தது. வண்டி அசைந்திருக்க வேண்டும்.

"ஊடு வந்துருச்சுங்களா?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டாள்.

"இன்னும் இல்லே. தூங்கு" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லி மறுபடியும் தலையைச் சாய்த்துக்கொண்டாள். எங்கள் நாய் வந்து அவள் காலை நக்கிக்கொண்டிருந்தது.