ரத்தம் கொடுப்பதற்கு முந்தின பத்தியம்

என் வீட்டுக்காரரின் அப்பா, அண்ணன் இரண்டு பேருமே அறுபதைத் தொடாமல் மாரடைப்பில் போனவர்கள். அந்தப் பயத்தில் வருசம் தவறாமல் காரைக்குடிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வார். பயம் இருக்கிறவர் வாயைக் கட்ட வேண்டாமா? கட்டுவார், ரத்தம் கொடுப்பதற்கு முந்தின பத்து நாள் மட்டும். கறி கிடையாது, முட்டை கிடையாது, விடிந்ததும் கோட்டையூர் வரைக்கும் நடை. கொழுப்பும் சர்க்கரையும் அளவோடு வந்துவிடும். முடிவை வாங்கிய கையோடு மெஸ்ஸில் சுக்கா வறுவலுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

“யாரை ஏமாத்துறீக?” என்று கத்துவேன்.

“பரீட்சைக்கு முந்திதானே படிக்கணும்? வருசம் பூராவுமா படிப்பாக?” என்பார். சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருசம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. புதிதாகப் பார்த்த டாக்டர், அப்பா அண்ணன் கதையைக் கேட்டதும், ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது என்று மதுரைக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். அதற்கும் பத்தியம் இருந்துவிட்டுத்தான் கிளம்பினார் மகராசன்.

“இதயத்துக்கு ரத்தம் போற குழாய்ல சுண்ணாம்பு மாதிரி நிறையப் படிஞ்சிருக்கு” என்றார் மதுரை டாக்டர்.

“ரத்தத்துல எல்லாம் சரியா இருக்கே சார்!” என்றார் இவர்.

“அது சமீபத்துல நீங்க எப்படி இருந்தீங்கன்னு சொல்லுது. இது இத்தனை வருசமா சேர்ந்தது. படிஞ்சது போகாது. மேல கூடாமப் பாத்துக்கணும், மாத்திரையை விட்டுறாதீங்க.”

பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். மாமனார் இல்லை, இவர் அண்ணன் இல்லை, அந்த வீட்டு ஆண்களில் இவர் ஒருவர்தான் மிச்சம். திருப்பத்தூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“இந்தா, அடுத்த ஸ்கேன் எப்பன்னு கேட்டியா?” என்றார் திடீரென்று. “இந்தவாட்டி ஒரு மாசம் முன்னாடியே பத்தியம் இருந்துடுறேன். கரைஞ்சிரும்ல?”

படிஞ்சது போகாது என்று டாக்டர் சொன்னபோது இவரும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தாலே சண்டை என்று பெயர் வாங்கியவள் நான்.

“கரைஞ்சிரும்” என்றேன்.

மதுரையில் ஆசையாக வாங்கிய முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமலே என் மடியில் வைத்துவிட்டு, அங்கேயே பத்தியத்தை ஆரம்பித்துவிட்டார்.